555 குறிப்பேடு: கட்டாய ஓ.டி.யில் உழல்பவர்களுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய் கடைத்தெருவில் பழைய மளிகைக் கடைக்குள் நுழைந்தால், கல்லாவுக்குப் பக்கத்தில் பேனாக் கட்டுகளோடும் பேட்டரிகளோடும் 555 குறிப்பேடு இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கடன் கணக்கு எழுதுவதற்கென்றே தோட்டப்புறங்களில் பெயர் பெற்ற அந்தச் சிறிய புத்தகத்தை நான் கடந்த ஆண்டு முதல் வேறொரு கணக்குக்குப் பயன்படுத்தி வருகிறேன். தொழிற்சாலையில் நான் செய்யும் மிகை நேர வேலை (ஓ.டி.), அதற்கு வந்த சம்பளம், அதனால் இழந்த தூக்கம் ஆகிய மூன்றும் அதில் நாள் தவறாமல் பதிவாகின்றன. புத்தகம் கேட்டபோது கடைக்காரர், "யாருக்குத் தங்கச்சி கடன் எழுதப் போறீங்க?" என்றார். "கடன் இல்லைண்ணே, ஓ.டி. எழுதப் போறேன்" என்றேன். விலை ஒரு தே தாரிக் தேநீரைவிடக் குறைவு. அந்த விலைக்கு அது எனக்குச் செய்த வேலை மிகப் பெரிது என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சட்டைப்பையில் அடங்கும் அளவு. அட்டையில் பெரிதாக 555 என்ற எண். உள்ளே மெல்லிய கோடு போட்ட தாள். நான் வாங்கியது நடுவில் கம்பி ஊசி அடித்தது. முழுவதும் விரித்துத் தொடையின்மேல் வைத்து, ஓடுகிற பேருந்திலும் எழுத முடிகிறது. சாதாரணப் பந்துமுனைப் பேனாவே இதற்கு ஏற்றது. ஜெல் பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறி, செவ்வாய்க்கிழமைக் கணக்கின்மேல் அடுத்த வாரத்துக் கணக்கு வந்து நிற்கும்.

பாடாங் செராய் என்பது விக்டோரியா, ஹென்றியேட்டா போன்ற தோட்டங்களைச் சார்ந்து வாழ்ந்த ஊர். குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு, பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறத் தொடங்கினோம். தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனவர்கள் நின்ற அதே நேரத்தில்தான் நாங்கள் இன்று தாமான் (குடியிருப்பு) முச்சந்தியில் பேருந்துக்கு நிற்கிறோம். என் பாட்டி வெட்டிய பாலின் எடையைத் தோட்ட எழுத்தரான கிராணி எழுதினார். பெயர் போட்ட நாள்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்தன. வாங்கிய அரிசியும் மண்ணெண்ணெயும் கடைக்காரரின் 555 குறிப்பேட்டில் இருந்தன. அவர்கள் எல்லாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எங்கள் குடும்பத்தின் உழைப்பையும் வயிற்றையும் பற்றிய ஒவ்வொரு கணக்கும் பிறர் கையெழுத்தில், பிறர் மேசையில் இருந்தது என்பது உண்மை. இப்போது கிராணியின் இடத்தில் வாசற்கதவில் அட்டை தொடும் இயந்திரம் நிற்கிறது. என் நேரத்தின் கணக்கு என் கையெழுத்திலும் ஒரு படி இருக்க வேண்டும் என்பதே இந்தப் புத்தகத்தை நான் வாங்கியதற்கான காரணம்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயர் இங்கே தேவையில்லை. ஆர்டர் கூடும் மாதங்களில் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படும். பெயர் இருந்தால் ஓய்வு நாளிலும் வர வேண்டும். வர இயலாது என்று சொன்னால், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அது தெரியும் என்று லைன் லீடர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளையின் பள்ளி விழா, கோயில் திருவிழா, வீட்டில் ஒரு கருமாதி என்று எதைச் சொன்னாலும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பதே பதில். இப்படி மாதங்கள் கூடக் கூட, எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்பதே நினைவில் நிற்பதில்லை. மிகை நேர வேலையால் ஓய்ந்துபோகிறவருக்கு முதலில் குழம்புவது இந்தக் கணக்குதான்.

நான் எழுதும் முறை மிக எளிது. விரித்த இரண்டு பக்கம் ஒரு வாரத்துக்கு. இடப்பக்கம் தொழிற்சாலைக்கு உரியது: உள்ளே அட்டை தொட்ட நேரம், வெளியே வந்த நேரம், அதில் மிகை நேரம் எவ்வளவு. வலப்பக்கம் எனக்கு உரியது: வீடு சேர்ந்த நேரம், தூங்கிய மணிகள், அன்றைய நிலையைப் பற்றி ஒரே ஒரு சொல். ஒரு வரி இப்படி இருக்கும்: "செவ். 6.25 – 7.10, ஓ.டி. 3½ / வீடு 8.05, தூக்கம் 5, கால் வலி." தூசு புகாத உற்பத்தி அறையான கிளீன் ரூமுக்குள் தலை முதல் கால் வரை மூடும் அங்கியோடு போகும்போது சாதாரணத் தாளைக் கொண்டுபோகக் கூடாது, தூசு உதிரும் என்பதால். ஆகவே புத்தகம் லாக்கரில் இருக்கும். பேருந்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக எழுதிவிடுவேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் அன்று எழுதப்படாது.

சம்பளச் சீட்டு வரும் நாளில்தான் இடப்பக்கத்தின் பயன் தெரிகிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 1 ஜனவரி 2023 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மிகை நேர வேலை ஒரு மாதத்தில் 104 மணியைத் தாண்டக் கூடாது. சாதாரண நாளில் மிகை நேரத்துக்கு, மணிக்கூலியின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஒரு நாள் வேலை 8 மணி என்று வைத்துக்கொண்டால், 1,700ஐ 26ஆல் வகுத்து, வருவதை 8ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 காசு. அதன் ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டும் மணிக்கு இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் தாண்டும் மணிக்கு மூன்று மடங்கு. நான் இந்த விகிதங்களைப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனவர்களுக்குச் சட்டத்தின் இந்த மிகை நேரச் சம்பளப் பகுதி பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் வரிசையில் நிற்கும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்து இதே போல ஒரு புத்தகம் வாங்கினார். அவருடைய கணக்கும் சம்பளச் சீட்டும் மாதந்தோறும் ஒத்துவரவில்லை. இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தபோது காரணம் கிடைத்தது: ஷிப்ட் தொடங்குவதற்கு முன் எல்லாரையும் நிறுத்தி நடத்தும் அரை மணி நேரக் கூட்டம் கணக்கிலேயே இல்லை. தொழிலாளி தன் விருப்பப்படி போகவர முடியாமல் முதலாளியின் பொறுப்பில் இருக்கும் நேரம் வேலை நேரமே என்று சட்டம் சொல்கிறது. நாளைக்கு அரை மணி என்றால் 20 வேலை நாளில் 10 மணி. மேலே சொன்ன விகிதத்தில் 122 வெள்ளிக்கு மேல். அக்கா புத்தகத்தோடு மனிதவளப் பிரிவுக்குப் போனார். முதலில் கணினியில் இல்லை என்றார்கள். அவர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேதி சொன்ன பிறகு, அடுத்த மாதத்திலிருந்து அந்த நேரம் சேர்க்கப்பட்டது. பழைய மாதங்களுக்கான தொகை இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

எந்தச் சூழலில் வேலை நேர வரம்பை மீறி வேலை வாங்கலாம் என்பதையும் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது: விபத்து, மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாத வேலை, நாட்டின் பாதுகாப்பு, இயந்திரங்களுக்குச் செய்ய வேண்டிய அவசர வேலை, எதிர்பாராத தடங்கல், நாட்டின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாத தொழில்கள் முதலியவை. ஆர்டர் கூடிவிட்டது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் ஒரு காரணமாக இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பலகையில் ஒட்டும் தாளை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

ஆனால், எனக்கு இந்தப் புத்தகம் அதிகம் உதவியது வலப்பக்கத்தில்தான். முதல் வாரங்களில் "கால் வலி", "தலைவலி" என்றிருந்த சொற்கள், ஓ.டி. நீண்ட மாதத்தில் "எரிச்சல்" என்று மாறி, பிறகு "பேசவில்லை", "எதற்கு" என்று வந்து நின்றன. எழுதிய அன்று அவை வெறும் சொற்கள். ஓர் ஓய்வு நாளில் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் அவை ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வேலையால் வரும் இந்த ஓய்ந்த நிலையை நோய் என்று வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்று விளக்கியது. அதன் மூன்று அடையாளங்களாக அது குறிப்பிடுபவை: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புத் தட்டுவது, தன்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. மூன்றும் என் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தன. சோம்பேறித்தனம், திமிர், வயதுக் கோளாறு என்று வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்லப்படுவதற்குப் பின்னால் மணிக்கணக்கு இருக்கிறது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஓ.டி. கூடிய வாரங்களுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அந்தச் சொற்கள் இருந்தன.

அதே நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது, பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று கணித்தது. அன்றிலிருந்து வாரக் கூட்டுத்தொகை 55ஐத் தொட்டால் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். பேருந்தில் போகும் நேரத்தைச் சட்டம் வேலையாகக் கணக்கிடாது, ஆனால் உடல் கணக்கிடுகிறது. வீடு சேர்ந்த நேரத்தைத் தனியாகக் குறிப்பது அதற்காகவே.

சிவப்பு எண்கள் தொடர்ந்த ஒரு கட்டத்தில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். எவ்வளவு காலமாக இப்படி, தூக்கம் எப்படி என்று மருத்துவர் கேட்டபோது, திக்கித் திணறாமல் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை நிதானமாகப் படித்தார், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்ததோடு நிறுத்தாமல், ஆலோசகரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். களைத்துப்போனவரால் தன் நிலையைக் கோவையாகச் சொல்ல முடியாது. வலப்பக்கம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கைப்பேசியிலும் வேலை நேரத்தைக் குறிக்கும் செயலிகள் உள்ளன. சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். கூட்டல் தானாகவே வருவது நல்ல வசதி. ஆனால், பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கைப்பேசியைத் திறந்தால், நேரத்தைக் குறித்துவிட்டு மூடும் உறுதி எனக்கு இருப்பதில்லை. அரை மணித் தூக்கம் அதிலேயே போய்விடும். குறிப்பேட்டில் எழுதி முடித்தால் வேறு எதுவும் அதில் இல்லை.

குறைகளும் உண்டு. ஊசி சில மாதங்களில் துருப்பிடிக்கிறது. வியர்வையிலும் மழையிலும் அட்டை பிரியும். ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் வைத்தால் தாங்கும். தேதி அச்சிடப்படாததால் ஆண்டையும் மாதத்தையும் நாமே எழுத வேண்டும். கூட்டலும் நம் பொறுப்பே. இவற்றைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது: இந்தப் புத்தகம் ஓ.டி.யைக் குறைக்காது. பலகையில் பெயர் ஒட்டப்படுவதை அது நிறுத்தாது. அதற்குத் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் சட்டத்தைச் செயல்படுத்தும் உறுதியும் வேண்டும். உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் வலப்பக்கத்தில் வரத் தொடங்கினால், எழுதுவதோடு நிற்காமல் உடனே ஒருவரிடம் பேச வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அதற்காகவே முன்னட்டையின் உட்புறத்தில் எழுதியிருக்கிறேன்.

வாங்க விரும்புகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவது நல்லது. முதல் புத்தகம் தீரும் வாரத்தில் கடைக்குப் போக நேரம் கிடைக்காவிட்டால் கணக்கு அறுந்துவிடும். தீர்ந்த புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தந்த மாதச் சம்பளச் சீட்டுகளோடு ஒரே உறையில் போட்டு, வீட்டில் வைத்திருங்கள், லாக்கரில் அல்ல. தொழிலாளர் இலாகாவில் முறையிட நேர்ந்தால் அங்கே முதலில் கேட்கப்படுவது பழைய மாதங்களின் கணக்குதான்.