பாட்டு வராத ஹெட்போன்

"இதுல பாட்டே வரலையேம்மா" என்றான் சின்னவன். பெட்டியிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டிய முதல் நிமிடம். பார்த்தால் ஹெட்போன் மாதிரி இருக்கிறது. வயர் இல்லை, பட்டன் இல்லை, போட்டதும் இருந்த சத்தமும் போய்விடுகிறது. நாலு வயதுக்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

காதை மூடிச் சத்தத்தைக் குறைக்கும் இந்த இயர் மஃப் வாங்கியதற்குக் காரணம் போன வருடத்துப் பயணம். போன ஊரில் திறந்தவெளி மேடை, நல்ல பேண்ட். ட்ரம்ஸில் முதல் அடி விழுந்ததும் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் வயிற்றில் முகத்தைப் புதைத்துவிட்டான். மூன்றாவது பாட்டு முடியுமுன் கிளம்பிவிட்டோம். ஒன்பது வயதுப் பெரியவள் ஹோட்டல் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. அதனால் இந்தத் தடவை ஊருக்குக் கிளம்பும் முன்பே ஆளுக்கொன்று, நீலம் அவளுக்கு, மஞ்சள் அவனுக்கு. "கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காதை அடைக்கிறதா?" என்று என் கணவர் சிரித்தார். பஞ்சுத் தக்கை வாங்கியிருக்கலாமே என்றும் கேட்டார். சின்னக் காதில் அது சரியாக உட்காராது, கழன்று விழுந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். தலையில் மாட்டுவதே மேல்.

நான்கு நாளில் மூன்று நிகழ்ச்சிகள். தெருவில் வாசித்தவர்கள் தனி.

முதலில், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நான் ஏமாந்தேன். இதில் என்.ஆர்.ஆர். 22 என்று போட்டிருந்தது, அதாவது எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கான எண். 100 டெசிபல் சத்தத்தில் 22 போனால் 78, கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது ஆய்வகத்தில், ஆளை அசையாமல் உட்காரவைத்துச் சரியாகப் பொருத்தி அளந்த எண். வெளியில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 7 கழித்து, மீதியைப் பாதியாக்கு. என் 22 அதில் ஏழரை ஆகிவிட்டது! நன்றாகப் பொருந்தினால் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனாலும் ஓடி ஆடி, வியர்த்து, நிமிடத்துக்கொரு தரம் தலையைச் சொறியும் பிள்ளைக்கு நான் இந்தக் கறாரான கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

இது ஏன் முக்கியம் என்றால், 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அதே நாட்டின் இன்னொரு அமைப்பான நயோஷின் வரம்பு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். அதுவும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குப் போட்டது. இசை அரங்குகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2022இல் சொன்ன உச்ச வரம்பு சராசரி 100. ஆக, ஒழுங்காக நடக்கும் இடத்திலேயே கச்சேரி முழுக்க வெறும் காதோடு உட்கார முடியாது.

கடைசி இரவு மறுபடியும் திறந்தவெளி, மறுபடியும் ட்ரம்ஸ். மேடைப் பக்கம் என் போன் செயலி 98 காட்டியது. நடந்து நடந்து ஒலி அமைப்பாளர் உட்கார்ந்திருந்த மேஜைக்கும் பின்னால் வந்தோம், 89. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். காசில்லாத இயர் மஃப் அது. பையன் மஃபோடு ஏழு பாட்டு ஆடிவிட்டு எட்டாவதில் என் தோளில் தூங்கிவிட்டான். மஃப் போடாதது நான்தான். படுக்கும்வரை காதில் ரீங்காரம்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. ஒரு காலை, குழந்தைகளுக்கென்றே நடந்த ஒரு மணி நேர ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சி. மைக் கிடையாது. இந்த மாதிரி மஃப் மேல் ஸ்தாயியை நிறைய அடைக்கும், கீழ் ஸ்தாயியை அவ்வளவாக அடைக்காது. "அந்தப் பெரிய வயலின் மட்டும்தான் கேக்குது" என்றான் சின்னவன், டபுள் பாஸைக் காட்டி. புல்லாங்குழல் தனியாக வந்ததும் பெரியவள் நீலத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். தலையணைக்குப் பின்னால் வாசிக்கிற மாதிரி இருந்ததாம். அவள் செய்ததுதான் சரி.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதை. இரண்டு பக்கமும் டைல்ஸ், நடுவில் ஒருவர் சாக்சபோன் வாசிக்கிறார், சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது. பையன் கிட்டேயே போய் நின்றான். மஃபில் ஒரு காதை மூடியிருந்த கிண்ணத்தை விரலால் நெம்பித் தூக்கினான், கேட்டான், மூடினான். மறுபடி தூக்கினான். இந்தத் தடவை பாதி மட்டும். ரயிலைத் தவறவிட்டோம்.

குறைகள் உண்டு. பெரியவளின் மூக்குக் கண்ணாடிக் கம்பி பஞ்சு வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே சந்து விடுகிறது. விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, முடியை ஒதுக்கி, ஒவ்வொரு தடவையும் சரி செய்யவேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் காதோரம் வியர்த்துச் சிவப்பு வளையம் விழுகிறது. கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது, கையை விடவே கூடாது. மூன்றாம் நாளே மஞ்சளின் வளையம் ஓரத்தில் உரிந்துவிட்டது. விற்றவர்களைக் கேட்டேன், வளையம் தனியாகத் தருவதில்லையாம். இப்போதைக்குப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் முதலில் அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.