கணினியில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டேன், 4,999 ரூபாய் போனது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணினியில் யூடியூப் ஓடுகிறது, படம் பளிச்சென்று தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒலி அளவு 100-இல்தான் இருந்தது. பிரௌசரை மூடித் திறந்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். ம்ஹூம். கடைசியில் உதவி எண் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே வந்த 1800 எண்ணைக் கூப்பிட்டேன். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

எடுத்தவர் மைக்ரோசாஃப்ட் உதவி மையம் என்றார். அவ்வளவு பணிவு. "சந்தேகம் வேண்டாம் சார், உங்கள் கணினியின் ரகசிய எண் எங்களிடம் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, ஒரு கட்டளையை அடிக்கச் சொன்னார். பட்டியல் ஒன்று கடகடவென்று ஓடியது. கடைசியில் 888 என்று தொடங்கும் நீளமான எண். அதைத் திரையைப் பார்க்காமலே போனில் ஒப்பித்தார், ஒரு எழுத்து மாறவில்லை. நான் விழுந்தது அங்கேதான். அந்த எண் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றுபோல இருப்பது. உங்கள் கணினியிலும் அதேதான்.

அதன்பின் ஈவன்ட் வியூவரை, அதாவது கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் பட்டியலைத் திறக்கச் சொன்னார். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் பிழைகள். "ஹேக்கர்கள் உள்ளே இருக்கிறார்கள், ஒலியை அவர்கள்தான் தடுக்கிறார்கள்." நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அந்தப் பட்டியல் அப்படித்தான் நிரம்பிக் கிடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தொலைவிலிருந்து இயக்கும் ஒரு செயலியை நிறுவவைத்தார். மவுஸ் தானாக நகர்ந்தது. ஒரு வருடப் பாதுகாப்புத் திட்டம், 4,999 ரூபாய். கார்டு எண், ஓடிபி, எல்லாம் கொடுத்தேன். அடுத்த நிமிடம் சத்தம் வந்துவிட்டது! நன்றி வேறு சொன்னேன்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் சத்தம் இல்லை. திட்டம்தான் இருக்கிறதே என்று கூப்பிட்டால், இன்னும் 2,500 கட்டச் சொன்னார்கள். நான் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்ற மகன், "அப்பா, டிவி வயரைக் கழட்டினீங்களா?" என்றான். படம் பார்க்க டிவியில் மாட்டிய எச்டிஎம்ஐ வயர். டிவியை அணைத்தாலும் கணினி சத்தத்தை அதற்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பக்கத்து அம்புக்குறியில் கணினியின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தான். ஐந்து விநாடி. அந்த ஆளும் இதைத்தான் செய்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் கூத்து.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் சத்தம் வராவிட்டால், பிரௌசர் டேபில் ரைட் கிளிக் செய்து மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது.

இணையத்தைத் துண்டித்து அந்தச் செயலியை நீக்கினேன். கார்டை முடக்கி, கடவுச்சொற்களைப் போனிலிருந்து மாற்றினேன். சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கும் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். இதெல்லாம் பணம் போன அன்றே செய்திருக்க வேண்டியவை. நேற்று இன்னொரு எண்ணிலிருந்து அழைப்பு: "சார், உங்கள் 4,999-ஐத் திருப்பித் தருகிறோம், பேங்க் பக்கத்தைத் திறந்து வையுங்கள்." குரல் அதே குரல்.