ஷாங்காயில் சோங் ஜியாவ்ரென் கல்லறை: படித்துவிட்டுப் போக வேண்டிய இடம்

1912-13இல் சீனக் குடியரசின் நாடாளுமன்றத் தேர்தலில் குவோமின்டாங் (தேசியவாதக்) கட்சியை வெற்றிக்கு நடத்திச் சென்று, 30 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர் சோங் ஜியாவ்ரென். அவருடைய கல்லறை ஷாங்காயின் ஜாபெய் பூங்காவுக்குள் இருக்கிறது. கட்டணம் கிடையாது. மெட்ரோ 1ஆம் தடத்தில் யன்சாங் லூ நிலையம் பக்கம்.

நேரே கல்லறைக்குப் போகாதீர்கள். 1913 மார்ச் 20 இரவு பெய்ஜிங் ரயில் ஏறப் போனபோது அவர் சுடப்பட்ட நிலையத்தை முதலில் பாருங்கள். இப்போதைய ஷாங்காய் ரயில் நிலையம் 1987இல் திறந்தது. அங்கே தேடினால் ஏமாற்றம்தான். பழைய நிலையம் இருந்த தியன்மு கிழக்குச் சாலையில் இன்று ரயில்வே அருங்காட்சியகம் நிற்கிறது. கட்டடமும் அசல் இல்லை, 80 சதவீத அளவில் மறுபடி கட்டியது. 3, 4ஆம் தடங்களின் பாவ்ஷான் லூ நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஒரு நிறுத்தம் போய் 1ஆம் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் யன்சாங் லூ.

கல்லறையில் அமர்ந்த நிலையில் சோங்கின் சிலை. பீடத்தின் முன்புறம் அவருடைய புனைபெயர் ‘யூஃபு’, அறிஞர் ஜாங் தையானின் கையால், முத்திரை எழுத்து எனும் பழஞ்சீன எழுத்துவகையில். கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் இந்த எழுத்துவகையில் தடுமாறும். சீனாவில் கூகுள் சேவைகளும் சாதாரணமாகக் கிடைக்காது. வாசகங்களின் மொழிபெயர்ப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பின்புறம் இருப்பது, அன்றிரவு வழியனுப்ப வந்த நண்பர் யூ யோரென் எழுதியது: நேர்மையாக எழுதினால் மனிதர் கொல்வார், வளைத்து எழுதினால் வானம் தண்டிக்கும். கொலையாளியின் பெயர் அதில் இல்லை. கொலைக்குப் பின்னால் இருந்தவராகச் சந்தேகிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயின் ஆட்சியில் 1914இல் புதைக்கப்பட்டவரின் கல்லில் அதற்குமேல் எதைச் செதுக்க முடியும்! பண்பாட்டுப் புரட்சியில் சிதைந்து, பின்பு சீரமைத்த கல்லறை என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

ஒரு குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. அந்தக் கல் அவர் மரணத்தைத்தான் பேசுகிறது, அவருடைய சட்டப் பணியை அல்ல. தோக்கியோவில் சட்டம் படித்தவர். 1911 நவம்பரில், மன்னராட்சிக்கு எதிராக எழுந்த ஹூபெய் மாகாணப் புரட்சி அரசுக்கு இடைக்கால அரசியலமைப்பை வரைந்தவர். நான்ஜிங்கில் அமைந்த குடியரசின் இடைக்கால அரசில் சட்டவாக்கப் பணியகத்தின் தலைவர். குடியரசுத் தலைவரின் கையைக் கட்ட, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். அவர் உயிரைக் குடித்தது அந்த வாதம்தான் என்பதே என் கணிப்பு. அந்த 1911 வரைவைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு இந்த இடத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.