விண்டோஸை விட்டு மேக்குக்கு வந்து ஐந்து ஆண்டு

2026 ஜனவரியோடு நான் ஆப்பிளின் மேக் கணினி வாங்கி ஐந்து ஆண்டு நிறைகிறது. வாங்கிய புதிதிலேயே இதை எழுத உட்கார்ந்தேன், நல்லவேளை, முடிக்கவில்லை. முதல் மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் விளம்பரம் மாதிரி இருந்திருக்கும்.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் புத்தக வடிவமைப்பும் செய்கிறேன். விண்டோஸ் 98 காலத்தில் ஒரு டிடிபி சென்டரில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் பழகியவன். இருபது ஆண்டுக்கும் மேல் வேறு எதையும் தொட்டதில்லை. 2020 கடைசியில் என் பழைய லேப்டாப்பின் கீல் விட்டுப்போனது. பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்காது. ஃபேன் ஓட ஆரம்பித்தால் அடுத்த அறையில் மாவு மில் வைத்ததுபோல் இருக்கும். அந்த நவம்பரில்தான் ஆப்பிள் இன்டெல் சிப்பை விட்டுவிட்டு, தன் சொந்த எம்1 சிப்போடு மேக்புக் ஏரைக் கொண்டுவந்தது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு, விலை 92,900 ரூபாய். சித்தப்பா மகன் எவ்வளவோ சொன்னான், என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: "இதுல ஃபேனே கிடையாதுண்ணே." டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் வாங்கிவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கும் என் விரல்களுக்கும்தான் சண்டை. கன்ட்ரோல் இருக்கவேண்டிய வேலையைக் கமாண்ட் செய்கிறது. சுண்டுவிரல் போகும் இடத்துக்குக் கட்டைவிரல் போகவேண்டும். ஃபைலைத் திறக்க என்டர் தட்டினால் பெயரை மாற்றச் சொல்கிறது. டிலீட் என்று எழுதியிருக்கும் சாவி உண்மையில் பேக்ஸ்பேஸ். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஜன்னல்தான் மூடுகிறது, மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. முழுதாக வெளியேற கமாண்டும் க்யூவும் சேர்த்து அடிக்கவேண்டும். இது தெரியாமல் ஒருநாள் பதினான்கு மென்பொருள்களைத் திறந்தே வைத்திருந்தேன்.

இதைவிட வெட்கமான கதை ஒன்று உண்டு. மேக்கில் பல மென்பொருள்களை நிறுவுவது என்றால், இறக்கிய ஃபைலைத் திறந்ததும் வரும் சின்ன ஜன்னலிலிருந்து ஐகானை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுவது. அவ்வளவுதான் வேலை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்றே வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? மூன்று வாரம் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்து திறந்து அதற்குள்ளிருந்தே பிரவுசரை ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போகாமல் திண்ணையிலேயே குடித்தனம் நடத்திய மாதிரி.

இரண்டு மாதத்தில் விரல்கள் சமாதானமாகிவிட்டன. சமாதானமாகாத ஒன்று, மேக்கில் ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபைண்டர். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்தான் இன்றைக்கும் எனக்கு மேல். ஒரு ஃபைலை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்ட, கமாண்ட் சி அடித்துவிட்டு, ஒட்டும்போது கமாண்டோடு ஆப்ஷனையும் சேர்த்து வி அடிக்கவேண்டும். யோசித்துப் பார்த்தால் இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஒட்டும் வரை பழைய இடத்தில் ஃபைல் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த நியாயம் வேலை அவசரத்தில் ஞாபகம் வருவதில்லை.

இன்னொன்று, ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்பது. மொழிபெயர்ப்பவனுக்கு இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ் என்று இரண்டும் கண்ணில் தெரியவேண்டும். விண்டோஸ் 7 வந்த 2009லிருந்து அம்புச் சாவியால் செய்துவந்த வேலை இது. மேக்கில் அதே சுலபம் 2024இல் செக்கோயா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு வந்தபோதுதான் கிடைத்தது. அதுவரை ரெக்டாங்கிள் என்ற இலவசக் கருவிதான் கைகொடுத்தது.

சரி, தமிழுக்கு வருவோம். வாங்கும் முன்பு எனக்கிருந்த பெரிய பயமே இதுதான். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சுக் கருவியை வைத்துத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டிக்கொண்டிருந்தேன். அது மேக்குக்குக் கிடையாது, அழகி என்ற இன்னொரு கருவியும் கிடையாது. 'ஒரு லட்சம் கொடுத்து வாங்கி, தமிழ் அடிக்க வழியில்லாமல் உட்காரப்போகிறேன்' என்று நினைத்தேன். ஆனால் கீபோர்டு அமைப்புக்குள் போய்த் தமிழைச் சேர்த்தால், ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டும் அஞ்சலும் தமிழ்99உம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன. எதையும் இறக்கவேண்டியதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தொடங்கிச் செய்த வேலை இந்தக் கணினிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது; இணைமதி என்ற எழுத்துருவும் அவர் ஆக்கியதே. கீழ் இடது மூலையில் இருக்கும் உருண்டைப் படச் சாவியை ஒருமுறை தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். வாங்கிய அன்று இரவே ஒரு அத்தியாயம் அடித்தேன். நான் மாறியதில் மிகக் குறைவாகக் கஷ்டப்பட்டது, அதிகமாகப் பயந்த இந்த இடத்தில்தான்.

கஷ்டம் பழைய ஃபைல்களில் இருந்தது. என்னிடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்று அடித்தது ஆங்கில ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். பாமினியை மேக்கில் ஏற்றலாம், ஏற்றினால் எழுத்தும் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் திருத்த உட்கார்ந்தால், மேக்கின் தமிழ்99 பாமினி எழுத்தைத் தராது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடைத்தான் தரும். கடைசியில் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினேன். எப்படியும் என்றாவது செய்திருக்கவேண்டிய வேலை. மேக் என் கழுத்தில் கத்தி வைத்துச் செய்ய வைத்தது.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தாளர்கள் வேர்டில் லதாவிலோ விஜயாவிலோ அனுப்புவார்கள். அந்த எழுத்துரு இந்தப் பக்கம் இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். வரி உடைந்து, பக்க எண்ணிக்கை மாறி, பொருளடக்கம் பொய்யாகிவிடும். இப்போது எல்லோரையும் நோட்டோ செரிஃப் தமிழை இறக்கிக்கொள்ளச் சொல்கிறேன். இலவசம், இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.

நான் மேக்குக்கு மாறினேனே தவிர, என் தெரு மாறவில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலில் அடி வாங்கியது என் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையில் இருந்தது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. உள்ளே இருப்பதையெல்லாம் வேறு டிஸ்கில் இறக்கி, இதை இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி, மறுபடி ஏற்றுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

அப்புறம் ஜெராக்ஸ் கடை. பென்டிரைவைச் செருகிய தம்பி சிறிது நேரம் திரையையே பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, வைரஸ் இருக்கு. எல்லா ஃபைலும் ரெண்டு ரெண்டா இருக்கு, ஒண்ணு ஓப்பனே ஆக மாட்டேங்குது." வைரஸ் இல்லை. விண்டோஸும் எழுதக்கூடிய பென்டிரைவில் மேக் எழுதும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் துணையாக, புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு குட்டி ஃபைலைப் போட்டுவைக்கும். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. மறைந்த ஃபைல்களையும் காட்டும்படி வைத்திருக்கும் விண்டோஸில் வரிசையாகத் தெரியும். நான் விளக்கினேன். அவன் நம்பவில்லை. ஆன்டிவைரஸ் ஓட்டிய பிறகே பிரின்ட் எடுத்தான். இன்னொரு நாள் பென்டிரைவ் நிறைந்துவிட்டது என்றான்; எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். அழித்தது பென்டிரைவுக்குள்ளேயே ஒரு மறைவான குப்பைத் தொட்டியில் கிடந்தது. மேக்கில் டிராஷைக் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். இப்போது வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிறேன்.

ஆடிட்டர் டாலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்கிறார். டாலி மேக்கில் நேராக ஓடாது. அதனால் அவர் வேலையை அவர் கணினியிலேயே பார்த்துக்கொள்கிறார், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் கணக்கு வழக்கை நீங்களே பார்ப்பவர் என்றாலோ, யூஎஸ்பி டோக்கன் செருகி டிஜிட்டல் கையொப்பம் போடும் தொழில் என்றாலோ, மேக் வாங்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள். எக்ஸெல்லில் மேக்ரோ எழுதிப் பிழைப்பவர்களுக்கும் அதே பேச்சுதான். இன்டெல் மேக்கில் விண்டோஸையும் நிறுவிக்கொள்ள இருந்த பூட் கேம்ப் வசதியும் எம்1 வரிசையிலிருந்து இல்லை. விண்டோஸ் வேண்டுமானால் பேரலல்ஸ் போன்ற மென்பொருளைத் தனியாக நிறுவவேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதிலேயே இருக்கிறேன்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் போகும் நாளில் என் வீட்டில் வேலை நடக்கிறது, அதனால். முன்பெல்லாம் அது எனக்கு விடுமுறை நாள். புதிதில் வேர்டும் பிரவுசருமாகப் பத்து மணி நேரம் நின்றது, இப்போது ஏழு. பேட்டரியின் ஆரோக்கியம் 84 சதவீதம் என்று காட்டுகிறது. மூடியைச் சாத்தினால் தூங்குகிறது, திறந்தால் விட்ட வரியிலேயே கர்சர் மினுக்குகிறது. ஷட்டவுன் செய்யும் பழக்கமே போய்விட்டது. நாற்பது படங்களில் எது வேண்டும் என்று பார்க்க, திறக்காமலே ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகலாம். பிடிஎஃபில் பக்கம் சேர்க்க, பிரிக்க, கையெழுத்துப் போட, கூடவே வரும் பிரிவியூ போதும். மேக்கோடு வரும் நகல் காப்புக் கருவியான டைம் மெஷின் ஒருமுறை நான் அழித்துவிட்ட முழு அத்தியாயத்தை முந்தின நாள் நிலையில் எடுத்துக் கொடுத்தது. அன்று அதற்குக் கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

ஃபேன் இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில், படங்கள் நிறைந்த புத்தகத்தை இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி ஆகி, வேகமும் குறையும். மடியில் வைக்க முடியாது. காப்பி குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

நான் செய்த ஒரே தப்பு 8 ஜிபி. பழைய லேப்டாப்புக்கு அதே டவுன்ஹால் ரோட்டில் ரேம் வாங்கிச் செருகினேன். இதில் அது முடியாது, வாங்கும்போது எடுத்த முடிவுதான் கடைசி வரை. 2021இல் போதுமானதாக இருந்தது. இன்று இன்டிசைனும் முப்பது டேப் பிரவுசரும் வாட்ஸப்பும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. 256 ஜிபியில் இப்போது 11 ஜிபிதான் காலி. 2024 அக்டோபரிலிருந்து ஆப்பிளே மேக்புக் ஏரை 16 ஜிபியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதால், இன்று புதிதாக ஏர் வாங்குபவருக்கு இந்த ரேம் புலம்பல் தேவைப்படாது. சேமிப்பு பற்றிய புலம்பல் தேவைப்படலாம்.

பழைய லேப்டாப்பை விற்கவில்லை. கீலுக்குப் பதில் செங்கல் ஒன்று முட்டுக் கொடுத்து அலமாரியில் நிற்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இணையத்தைத் துண்டித்துவிட்டேன். பழைய பதிப்பகத்தார் யாராவது மறுபதிப்பு என்று பேஜ்மேக்கர் ஃபைலோடு வரும்போது அதைக் கிளப்புவேன். போன வாரம்கூட ஒருவர் வந்தார். மாவு மில் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து வீட்டம்மா கேட்டாள்: "திரும்பவும் அதையா எடுத்துட்டீங்க?"