அரைச் சாண் கம்பியில் தூர்தர்ஷன்: திருவல்லிக்கேணி அனுபவம்

சென்னையில் ஆன்டெனா மாட்டாமலே டிவி தெரியுமா? தெரியும். ஆனால் தூர்தர்ஷன் கோபுரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவாமி சிவானந்தா சாலைக் கோபுரம் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும். அந்தத் தெம்பில்தான் சில வருஷங்களாக அம்மாவின் அறையில் இருக்கும் சின்ன டிவியை வெறும் செம்புக் கம்பியில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் தூர்தர்ஷன் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. இப்போது வருவது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை. 2016 பிப்ரவரியில் சென்னையையும் சேர்த்து 16 நகரங்களில் தொடங்கினார்கள். ஆகவே டிவிக்குள் டிவிபி-டி2 ட்யூனர், அதாவது அந்த அலையை வாங்கிப் படமாக்கும் பகுதி, இருக்க வேண்டும். பெட்டியில் வெறுமனே 'டிஜிட்டல் டிவி' என்று போட்டிருந்தால் போதாது. விவரப் பட்டியலில் 'டி2' என்ற எழுத்தைத் தேடுங்கள். அது இல்லாத டிவியில் எந்தக் கம்பியைச் செருகினாலும் பலன் இல்லை. டிவிபி-டி2 வாங்கும் தனி செட்-டாப் பாக்ஸ்தான் வாங்க வேண்டும்.

வாடகை வீடு. மாடியில் டிஷ் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஹாலில் கேபிள் இருக்கிறது. ஆனால் செய்தியும் கச்சேரியும் மட்டும் பார்க்கிற அம்மாவுக்காக இன்னொரு பாக்ஸ், மாதாமாதம் இன்னொரு கட்டணம் என்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. சரி, கம்பியை வைத்துப் பார்ப்போம் என்று தொடங்கியதுதான்.

கம்பியின் நீளம் முக்கியம். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு பன்னிரண்டரை, ஏறக்குறைய அரைச் சாண். அலைவரிசை இதைவிடக் குறைவாக இருந்தால் நீளம் கொஞ்சம் கூடும். நான் மிஞ்சிக் கிடந்த கேபிள் டிவி வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் மேலுறையையும் அதற்குள் இருக்கும் உலோக வலையையும் அந்த அளவுக்கு உரித்து நடுக்கம்பியை மட்டும் வெளியே விட்டேன். மறுமுனையில் வழக்கமான பின். டிவியின் துளையில் நேராகக் கம்பியைச் செருகினாலும் எங்கள் தெருவில் படம் வருகிறது. ஆனால் வயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் கம்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோக முடிகிறது. அந்த வசதிக்குத்தான் அதிக மதிப்பு. கம்பியை நிமிர்த்தி வைப்பதைவிடப் படுக்கை வாட்டில் ஒட்டினால் எங்கள் வீட்டில் நன்றாக எடுக்கிறது. ஜன்னலின் இரும்புக் கிராதியில் உரசாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

டிவியின் சேனல் மெனுவில் இரண்டு அளவு காட்டும்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம். எல்லோரும் வலிமையையே பார்க்கிறார்கள். கோபுரத்துக்கு அருகே அது எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது தரம். டிஜிட்டலில் அரைகுறைப் படம் கிடையாது. தரம் ஒரு எல்லைக்கு மேல் இருக்கும் வரை கண்ணாடி மாதிரி தெரியும். அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து சத்தமும் நின்றுவிடும். அனலாக் காலத்தில் மாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையால் ஒருவருக்குப் பக்கத்தில் அவர் நிழலும் சேர்ந்து தெரியுமே, அந்தத் தொல்லை இப்போது இல்லை. திரும்பி வரும் அலை சற்றுத் தாமதமாக வந்தாலும் சமாளிக்கும்படிதான் இந்த முறையை அமைத்திருக்கிறார்கள்.

ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் இன்னும் விடிவு இல்லை. கம்பிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் யாராவது போய் நின்றால் "அங்க நிக்காதடா, படம் உடையுது" என்று அம்மா குரல் கொடுப்பார். உடம்பு அலையை விழுங்குகிறது. கம்பியைத் தலைக்கு மேல் உயரத்தில், ஜன்னலின் மேல் சட்டத்தை ஒட்டி மாற்றிய பிறகு அது பெருமளவு குறைந்தது. மலிவான மொபைல் சார்ஜர், எல்இடி பல்பு, டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஆகியவையும் பக்கத்தில் இருந்தால் தரத்தைக் கெடுக்கும். ஸ்டிக்கை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்த ஆன்டெனாவை எடுத்துக் காட்டுவார்கள். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கனவே பலமாக வரும் சிக்னலை மேலும் பெருக்கினால் ட்யூனர் திணறி, வந்துகொண்டிருந்த படமும் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழையில்தான் இந்தக் கம்பியின் அருமை தெரியும். டிஷ் பிடிக்கும் அலை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். கனமழை அதைத் தின்றுவிடும். கோபுரத்திலிருந்து வரும் அலையை மழை அசைப்பதில்லை. தெருக் கேபிள் அறுந்து ஹால் டிவி இருண்டு கிடந்த நாளிலும், கரண்ட் இருந்ததால், அம்மாவின் அறையில் புயல் செய்தி ஓடியது.

அப்புறம் கிரிக்கெட். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களை, ஒளிபரப்பு உரிமை வைத்திருக்கும் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. ஆனால் அப்படிப் பகிரும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழியிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்குத் தரக்கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆட்டத்தைக் கேபிளில் வரும் தூர்தர்ஷனில் எதிர்பார்க்க முடியாது, கம்பியில் பார்க்கலாம். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் ஒளிபரப்பு காசில்லாமல் வீட்டுக்குள் வருவது எனக்குப் பெரிய விஷயம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

குறையும் உண்டு. வருவது தூர்தர்ஷன் சேனல்கள் மட்டும், விரல்விட்டு எண்ணிவிடலாம். சீரியல் பார்க்கிற வீட்டுக்கு இது சரிப்படாது.

தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் இதே வயரைப் போட்டபோது ஒரு சேனலும் சிக்கவில்லை. தடையில்லாத வெளியில்கூடத் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சிக்னல் 6 டெசிபல் குறையும், அதாவது அதன் சக்தி ஏறக்குறைய கால் பங்காகிவிடும். ஊருக்குள் கட்டடங்கள் மறைப்பதால் இழப்பு இன்னும் அதிகம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் மொட்டை மாடியில் இந்த அலைவரிசைக்கென்றே உள்ள முறையான யூஎச்எஃப் ஆன்டெனா வைத்து, கோபுரத்தைப் பார்த்துத் திருப்புவதே வழி. சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணிக்காரர்கள் முதலில் கம்பியைச் செருகி ஒரு ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.