பத்தாண்டு கடந்த மடிக்கணினி: எந்தப் பாகம் பழுது என்று கண்டறிந்த அனுபவம்

2014-இல் வாங்கிய மடிக்கணினியை இன்றும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துகிறேன். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என அந்தக் காலத்தில் நடுத்தர விலைக்குக் கிடைத்த சாதாரண மாடல்தான். பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் ஓடிய இது, அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பழுது காட்டத் தொடங்கியது. பழைய கணினியில் கோளாறு தென்படும் இடம் ஒன்றாகவும் பழுதான பாகம் வேறொன்றாகவும் இருப்பதே அதிகம்; ஆகவே ‘மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகை) போய்விட்டது’ என்பது மற்ற எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த பிறகே வர வேண்டிய முடிவு என்பது என் கருத்து.

முதலில் வந்தது சூட்டுத் தொல்லை. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி அணைந்துவிடும். உடனே திரும்பப் போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அணையும், ஆறவிட்டுப் போட்டால் நன்றாக ஓடும். சார்ஜர் கோளாறாக இருந்தால் ஆறியதற்கும் ஆறாததற்கும் இப்படி வேறுபாடு தெரியாது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே இருந்தன. ஆனால் ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டு போலத் தூசி படிந்து காற்றின் வழியை அடைத்திருந்தது. வெளியிலிருந்து பிளோயர் அடிப்பதால் இந்த அடைப்பு போகாது, ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். (பிளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது, கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும்.) பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகிப்போயிருந்தது. அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைத்தபின், இந்தத் தொல்லை மீண்டும் வரவில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது அடுத்து வந்த பழுதுதான். வேலை நடுவில் திரை அப்படியே உறைந்து நிற்கும், மவுஸ் மட்டும் நகரும், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். சில நேரங்களில் மறுதொடக்கம் செய்தால் ‘பூட் டிவைஸ் இல்லை’ (கணினி தொடங்க வேண்டிய டிஸ்க் தென்படவில்லை) என்று காட்டும். பழுது பார்க்கும் கடையில் கொடுத்தபோது, முதலில் ஹார்ட் டிஸ்க் என்றார்கள். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) போட்ட பிறகும் அதே நிலை தொடரவே, “மதர்போர்டுதான் சார், செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்று சொல்லிவிட்டார்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் இணைத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்த்தேன். டிஸ்க்கின் தட்டு உண்மையில் சேதமடைந்திருந்தால், மாற்றியமைக்கப்பட்ட செக்டர்களை, அதாவது தரவு எழுதும் சிறு பகுதிகளைக் காட்டும் 05, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும் சி5 ஆகிய வரிகளில் எண் ஏறியிருக்க வேண்டும். இரண்டிலும் பூஜ்யம்தான் இருந்தது. மாறாக சி7 என்ற வரியில் பெரிய எண் நின்றது. இது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் நேர்ந்த பிழைகளின் கணக்கு. அதாவது டிஸ்க் நன்றாகவே இருக்கிறது, சொல்வது மறுமுனைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. புதிய எஸ்எஸ்டியிலும் அதே சி7 ஏறத் தொடங்கியிருந்ததைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது.

இந்த மாடலில் டிஸ்க் நேரடியாகப் போர்டில் செருகப்படுவதில்லை. ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இரண்டையும் இணைக்கிறது. கை வைத்துத் தட்டச்சு செய்யும் பகுதிக்கு நேர் கீழே அது மடிந்து போகிறது, அந்த மடிப்பில் வெள்ளைக் கோடாகத் தேய்மானம் தெரிந்தது. மாடல் எண்ணைச் சொல்லித் தேடி வாங்கிய கேபிளின் விலை, மதர்போர்டு விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூட முடியாத சிறுதொகை. கேபிளை மாற்றிய பிறகும் சி7 எண் குறையாது, அது சேர்ந்துகொண்டே போகும் கணக்கு. மேற்கொண்டு ஏறாமல் நிற்கிறதா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். நின்றுவிட்டது.

ரேம் கூட்டியபோது வேறொரு செய்தி தெரியவந்தது. இந்தத் தலைமுறைப் பிராசஸர்களுக்கு 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகை வேண்டும். உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேமைச் செருகினால் திரையே வராமல் போகலாம், அதையும் போர்டு பழுதென்று எண்ண வாய்ப்புண்டு. பழைய ரேமோ புதிய ரேமோ, ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிடுவது என் வழக்கம்.

தேதி பழைய ஆண்டுக்குப் போய், இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டியதற்குக் காரணம் கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்ததுதான், மாற்றியதும் சரியாயிற்று. பெரிய பேட்டரி விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. டச்பேடு அழுந்த மறுத்து மேலே எழும்பினால், கீழே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதைக் குத்தாமல், அமுக்காமல் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன், எழுத்து வேலைக்கும் இணையத்திற்கும் தாராளமாகப் போதுகிறது. உண்மையாகவே மதர்போர்டு போய்விட்டால், பழைய போர்டு தேடி அலைவதாக இல்லை. அதே வயதுடைய இன்னொரு போர்டுக்குப் பணம் கொடுப்பதைவிட, எஸ்எஸ்டியையும் ரேமையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன்.