கார்பிஸ்டேல் கோட்டை விடுதி: 2004-ல் தங்கிய மூன்று ராத்திரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே இப்போது தங்க முடியாது. 2011-ல் குளிர்காலச் சேதத்துக்குப் பிறகு விடுதியை மூடி, அப்புறம் விற்றும்விட்டார்கள். அடுத்த வருடம் ஸ்காட்லாந்து போகும் சித்தி மகள், கோட்டையில் தங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த கோட்டை இது ஒன்றுதான்.

நான் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவும் அம்மாவும் கோபியிலிருந்து வந்திருந்தார்கள். ஜூலை மாதம். இன்வெர்னஸிலிருந்து வடக்கே போகிற சின்ன ரயிலில் கல்ரெயினில் இறங்க வேண்டும், ஆனால் வண்டி அங்கே தானாக நிற்காது, இறங்குகிறவர் முன்கூட்டியே கண்டக்டரிடம் சொல்ல வேண்டும், ஏறுகிறவர் அப்போது கை காட்ட வேண்டியிருந்தது. நம்ம ஊர் மினி பஸ் மாதிரியே இருக்குது என்று அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோட்டை என்றாலும் ரொம்பப் பழசில்லை, 1917-ல்தான் கட்டி முடித்தார்கள். கட்டியவர் பக்கத்து மாவட்டமான சதர்லாந்தின் பிரபுவுடைய இரண்டாம் மனைவி, பிரபு இறந்தபின் உயில் விஷயத்தில் மூத்த தாரத்து மகனோடு வழக்காடி, பத்திரத்தை எரித்ததற்காக ஆறு வாரம் சிறையிலும் இருந்தவர். கடைசியில் சமரசமாகிக் கிடைத்த பணத்தில், சதர்லாந்து எல்லைக்கு வெளியே, ஆனால் அங்கிருந்து நன்றாகத் தெரிகிற மேட்டில் இதைக் கட்ட ஆரம்பித்தார். கோபுரத்தின் மூன்று பக்கம் கடிகாரம், சதர்லாந்தைப் பார்த்த பக்கம் மட்டும் வெறும் சுவர். அந்தக் குடும்பத்துக்கு மணிகூடச் சொல்ல மாட்டாராம்! அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "வரப்புச் சண்டைக்கு நம்மூர்ல பேச்சைத்தான் நிறுத்துவாங்க கண்ணு, இந்தம்மா கோட்டையே கட்டியிருக்குதே" என்றாள். பாவம், கட்டி முடிவதற்குள் 1912-லேயே அவர் இறந்துபோனார்.

இரண்டாம் உலகப் போரின்போது நார்வே மன்னர் ஏழாம் ஹாகோன் வந்து தங்கிய வீடு 1945-ல் இளைஞர் விடுதியானது. மன்னர் நடந்த பளிங்குச் சிலைக் கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாதென்று அம்மா மெதுவாக நடந்தாள். படுக்கை அடுக்குக் கட்டில்தான், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது சமையலறை. யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த துவரம்பருப்பு, சீரகம், வரமிளகாயோடு அம்மா அரிசிம்பருப்பு செய்தாள். சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை, பெரிய வெங்காயம்தான், ஆனாலும் நெய் ஊற்றிச் சூடாகச் சாப்பிட்டபோது வெளியே இருந்த மழையும் குளிரும் எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சாப்பிட்டதும் அப்பா எழுந்து பாத்திரம் கழுவினார். வீட்டில் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

குறை என்றால், மழை விட்டதும் மொய்க்கிற மிட்ஜ் பூச்சி, கொசுவைவிடச் சின்னது, தொல்லையோ பெரிசு. அம்மாவின் முழங்காலுக்குப் படிகளும் சிரமம். பக்கத்தில் கடையில்லை, மளிகையை இன்வெர்னஸிலேயே வாங்கிவிட வேண்டியிருந்தது. எந்தக் கோட்டையில் தங்கினாலும், நாமே சமைக்க அடுப்பு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களோடு போகிறவர்கள் கட்டாயம்.

கடைசி நாள் ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் ஆற்றைத் தாண்டி சதர்லாந்துப் பக்கம் போய், தூரத்தில் கோட்டை தெரிய அப்பாவையும் அம்மாவையும் படம் எடுத்தேன். கோபி வீட்டுக் கூடத்தில் இப்போதும் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் பகலில் எடுத்தது என்றே நினைக்கிறார்கள், கோபுரத்தில் அந்தப் பக்கம் கடிகாரமும் இல்லை. அப்போது ராத்திரி மணி பத்து.